கலாசாலைகளில் இரண்டாம் பாடமாகக் கணிதம்

தை மாதப் பிறப்பன்று அவனியாபுரத்தின் பெயர் நாடெங்கும் அடிபடுகிறது. ஜல்லிக்கட்டு அவ்வூருக்குத் தேடித் தந்திருக்கும் கீர்த்தி நமக்கும் பெருமையே. ஆனால் அவ்வூர்ப் பிள்ளைகள் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் வேறொரு வாசலில் நிற்கிறார்கள்; அதைப்பற்றி எழுதுவோர் குறைவு. 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட அவ்வூரிலிருந்து பெருங்குடிக்கும் பசுமலைக்கும் நகருக்குள்ளும் பஸ் ஏறிக் கல்லூரிக்குச் செல்வோரில் பலர், தங்கள் குடும்பத்தில் கலாசாலைப் படியை முதன்முதலாக மிதித்தவர்கள். அவர்களுள் ஒருவர் பொருளாதாரத்தையோ, புவியியலையோ, கணினி விஞ்ஞானத்தையோ எடுத்துக்கொண்டு, ஓராண்டு படித்த பிறகு, "இதோடு கணிதத்தையும் பிரதான பாடமாகச் சேர்த்துப் படிக்க இடமுண்டா?" என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்? நமது கலாசாலைகளில் அநேகமாக எல்லாவற்றிலும், "இல்லை" என்பதே விடை. துணைப்பாடமாக இரண்டொரு தாள் படிக்கலாம்; அதற்குமேல் வேண்டுமானால் மூன்றாண்டு முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம். இந்த விடை நியாயமற்றதென்றும், தேசத்திற்கு நஷ்டம் விளைவிப்பதென்றும் நாம் கருதுகிறோம்.

விதிகள் தடையாக இருக்கின்றனவா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில், வகுப்பு நேரங்கள் மோதாதிருக்குமானால் ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு பட்டங்களுக்குப் படிக்கலாம் என்று வழி திறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான பாடத்திட்டக் கட்டமைப்பில், மொத்த கிரெடிட்டில் நூற்றுக்கு 40 பங்கை இரண்டாவது பாடத்தில் பெறும் மாணாக்கருக்கு இரட்டைப் பிரதான பாடப் பட்டம் தரலாம் என்றும் கண்டிருக்கிறது. மூன்றாண்டுப் பட்டத்திற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு 120 கிரெடிட்; அதில் 40 பங்கு என்பது 48. ஒரு தாளுக்கு நான்கு கிரெடிட் வீதம் பன்னிரண்டு தாள்கள். நமது மாநிலக் கலாசாலைகளில் பெரும்பாலும் 140 கிரெடிட் நடைமுறையில் இருக்கிறது. முதற் பாடத்திற்கு 60, கணிதத்திற்கு 48, தமிழுக்கும் ஆங்கிலத்திற்குமாக 24 என்று வைத்தால் 132 ஆகிறது. துணைப்பாடங்களுக்கென்று இப்போது ஒதுக்கும் இடத்தைக் கணிதத்திற்கு விட்டுக்கொடுத்தால், தமிழையும் குறைக்காமல், நான்காவது ஆண்டு ஒன்றையும் சேர்க்காமல் காரியம் முடியும் என்பதை இந்தக் கூட்டலே காட்டுகிறது.

2020-ம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை குறித்து மத்திய சர்க்காருக்கும் தமிழ்நாட்டு சர்க்காருக்கும் நடக்கும் வழக்கை நேயர்கள் அறிவார்கள். அதில் நமக்குள்ள அபிப்பிராயம் வேறு சமயத்திற்குரியது. ஒரு கொள்கை முழுவதையும் ஏற்காதவர் அதிலுள்ள ஒரு நல்ல யோசனையைத் தம்முடையதாக்கிக்கொள்வதில் மானக்கேடு ஒன்றுமில்லை என்று மட்டும் இங்கே சொல்லிவைப்போம்.

உண்மையான பூட்டு கலாசாலை வாசலில் இல்லை. அது பதினோராம் வகுப்பிலேயே போடப்படுகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து வயதுப் பிள்ளையிடம், "எந்த குரூப்?" என்று கேட்கிறோம். முதல் குரூப்பில் இடம் கிடைக்கவில்லை, அல்லது கணக்கில் மதிப்பெண் குறைந்தது, அல்லது அருகிலுள்ள பள்ளியில் அந்த குரூப்பே இல்லை. வணிகவியலோ வரலாறோ எடுத்துக்கொள்கிறது. எடுத்த அன்றே, அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே, கணிதம் ஆயுள் முழுவதற்கும் அடைபட்டுவிடுகிறது. பதினெட்டு வயதில் அறிவு விழித்து, கணிதம் வேண்டுமென்று ஆசை எழுந்தால், "நீ பிளஸ் டூவில் படிக்கவில்லையே" என்கிறார்கள். ஒரு குழந்தையின் பதினைந்து வயதுத் தீர்மானத்தை, அதுவும் பெரும்பாலும் பெற்றோரும் மதிப்பெண் பட்டியலும் சேர்ந்து செய்த தீர்மானத்தை, மாற்றவொண்ணாத தலையெழுத்தாக்கும் அதிகாரம் நமது கல்வி முறைக்கு எங்கிருந்து வந்தது?

மானியக் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட வரைவு விதிகளில் இதற்கொரு பரிகாரம் சொல்லப்பட்டது: பிளஸ் டூவில் எதைப் படித்திருந்தாலும், நுழைவுத் தேர்வில் தேறினால் எந்தப் பாடத்திலும் சேரலாம் என்பது. பூட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வேறொரு பூட்டை மாட்டுவதற்கு இது சமானம். கற்றுக்கொடுக்கப்படாததைக் கற்று எழுதக்கூடியவர், தனி வகுப்புக்குப் பணம் செலவழிக்க வகையுள்ளவரே. தொழிற்கல்லூரி நுழைவுத் தேர்வைச் சட்டத்தின் மூலம் நீக்கிய மாநிலத்தில் இந்த வழி செல்லாது, செல்லவும் கூடாது. இதைவிட நல்ல உதாரணம் நமது மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் படிப்பில், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள், அதன்பின் அந்தப் பாடத்திலேயே தேர்வு வைத்து, தேறியவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முதலில் கற்பித்தல், பிறகு சோதித்தல். இவ்வளவு எளிய நியாயத்தை மற்றக் கலாசாலைகள் ஏன் பின்பற்றக் கூடாது?

பொருளாதாரமோ புவியியலோ படிப்பவருக்குப் பன்னிரண்டு தாள் கணிதம் எதற்கு, புள்ளிவிவரத்தில் ஒரு தாள் போதாதா என்று கேட்பவர் உண்டு. இந்தக் கேள்விக்கு உத்தியோகத்தைக் காட்டி விடை சொல்வதே இக்காலத்து வழக்கம். தரவு, கணினி, வங்கி, காப்பீடு என்று அந்தப் பட்டியலை நாமும் ஒப்புவிக்கலாம், அது பொய்யுமல்ல. ஆயினும் கணிதத்தின் முதற் பிரயோஜனம் வேறு. எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதை அது கற்பிக்கிறது.

ஒன்று, அதில் பாதி, அதில் பாதி என்று கூட்டிக்கொண்டே போகிறோம்: ஒன்று, அரை, கால், அரைக்கால். எத்தனை காலம் கூட்டினாலும் இரண்டைத் தொடமாட்டோம். இப்போது வேறொரு வரிசை: ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று. இதிலும் ஒவ்வொரு உறுப்பும் முந்தியதைவிடச் சிறியது. போகப் போக ஒன்றுமில்லாததற்குச் சமீபமாகிறது. ஆகவே இதுவும் எங்கேனும் நின்றுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கூட்டிப் பார்ப்பவருக்கும் அப்படியே தோன்றும். பத்தைத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டியிருக்கின்றன. ஆனால் அது நிற்பதே இல்லை. மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு உறுப்புகளில் ஒவ்வொன்றும் எட்டில் ஒன்றுக்குக் குறையாததால், அவை சேர்ந்தும் அரைக்கு மேல். அதற்கடுத்த எட்டும் அப்படியே. அதற்கடுத்த பதினாறும் அப்படியே. அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போவதால், எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் அதைத் தாண்டிவிடும். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத உண்மையை நான்கு வரித் தர்க்கம் எட்டிப் பிடிக்கிறது. இதற்குத்தான் நிறுவல் என்று பெயர். துணைப்பாடத் தாள்களில் இந்த நிறுவலுக்கே நேரமிருப்பதில்லை. சூத்திரத்தை மனனம் செய், எண்களைப் போடு, விடையை எழுது என்பதோடு ஆண்டு முடிந்துவிடுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். மதுரை மாநகரின் குப்பையெல்லாம் வந்து குவியும் வெள்ளக்கல் கிடங்கு அவனியாபுரத்தின் அருகில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட கிடங்கொன்றைப் பற்றி ஒரு அதிகாரி, "ஆண்டுக்காண்டு சேரும் அளவு குறைந்துகொண்டே வருகிறது, கவலை வேண்டாம்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அது பாதி பாதியாகக் குறைகிறதா, இரண்டாவது வரிசையைப்போல் மெள்ள மெள்ளக் குறைகிறதா என்று கேட்கத் தெரிந்தவன் அந்தத் தெருவில் ஒருவனாவது இருக்க வேண்டும். முதல் வகையானால் மலை ஓரளவோடு நிற்கும். இரண்டாவது வகையானால் மலை வளர்ந்துகொண்டே போகும். கடன் சுமைக்கும் நிலத்தடி நீருக்கும் விலைவாசிக்கும் இதே கேள்விதான்.

அரசியல் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய வரி வருமானத்தில் தமிழ்நாட்டுக்கு அநீதி இழைக்கப்படுகிறதென்று மேடைதோறும் பேசுகிறோம். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 15-வது நிதிக்குழு நமது மாநிலத்திற்கு வகுத்த பங்கு, மாநிலங்களுக்கென ஒதுக்கிய தொகையில் நூற்றுக்கு 4.079. இந்த எண் ஒரு சூத்திரத்திலிருந்து பிறந்தது. வருமான இடைவெளிக்கு 45 பங்கு, ஜனத்தொகைக்கு 15, நிலப்பரப்புக்கு 15, ஜனத்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காட்டுக்கு 10, வரி வசூல் முயற்சிக்கு 2.5 என்று எடைகள் வைத்திருந்தார்கள். இந்த எடைகளில் எதை எவ்வளவு மாற்றினால் எந்த மாநிலத்தின் பங்கு எப்படி அசையும் என்று கணக்கிட்டு வாதாடக்கூடியவர் நமது கட்சிகளில் எத்தனை பேர்? தொகுதி மறுவரையறை வழக்கிலும் இதுவே கதை. கோஷம் போடப் பதினாயிரம் பேர் கிடைக்கிறார்கள்; கணக்கைப் பிரித்துக் காட்டப் பொருளாதாரமும் கணிதமும் சேர்ந்து படித்த நால்வரைத் தேட வேண்டியிருக்கிறது. சூத்திரம் எழுதுவோர் டில்லியிலும், அதன் பயனை அனுபவிப்போர் இங்கும் இருக்கும்வரை, சுயாட்சி என்பதில் ஒரு பெரும் பகுதி வாய்ப்பேச்சாகவே நிற்கும்.

இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிப்பது நமது நாட்டில் புதுமையா? 1920-களின் பிற்பகுதியில் சென்னை மாநிலக் கல்லூரியில் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்ற மாணாக்கர் கணிதம் படிக்க விரும்பினார். தந்தையார், உத்தியோகத்தை முன்னிட்டு, பௌதிகம் படிக்கச் சொன்னார். மகன் பௌதிக ஹானர்ஸில் சேர்ந்துகொண்டு, கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். எந்தச் சான்றிதழிலும் அது இரண்டாவது பாடமாக ஏறவில்லை. 1930-ல் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்ட கப்பலிலேயே, ஒரு வெண்குள்ள நட்சத்திரம் எவ்வளவு எடை வரை தாங்கும் என்ற கணக்கை அவர் போட்டார். பின்னர் திருத்தமாகக் கண்ட எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு நோபல் பரிசு வந்து சேர 1983 ஆயிற்று. அதே கல்லூரியில் 1959-ல் புள்ளிவிவரப் பாடத்தில் பட்டம் பெற்ற எஸ்.ஆர். சீனிவாச வரதனுக்கு 2007-ல் கிடைத்தது கணிதத்திற்குரிய ஆபெல் பரிசு. பாடங்களுக்கிடையில் நாம் எழுப்பியிருக்கும் சுவர்களை இயற்கை அறியாது.

ராமானுஜனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தால் நேயர்கள் விடமாட்டார்கள். பரிசளிப்பு விழாக்களில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறோம். கும்பகோணத்திலும் சென்னையிலும் மற்றப் பாடங்களில் தவறினார் என்பதற்காக அவரைக் கலாசாலை வெளியே நிறுத்தியதை மறந்துவிடுகிறோம். பட்டமில்லாத அந்த மனிதருக்கு 1913-ல் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுக்கச் சென்னைச் சர்வகலாசாலை தன் விதியைத் தளர்த்தியதே, நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி. விதி மாணாக்கனுக்காக வளைந்தது. அந்த ஒரு சம்பவத்தைத் தவிர, மற்றப்படி அது மேதையைப் பற்றிய கதை. நாம் பேசுவதோ சாமானியரைப் பற்றி.

தமிழில் கணிதம் ஏறாது என்று சொல்லும் ஒரு கூட்டம் இன்னும் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி ஓதிய சிறுவன் முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரை மனத்திலேயே கூட்டிக் கழித்தான். அந்தப் பழம்பெருமையை வைத்து இன்றைய நுண்கணிதம் வந்துவிடாது என்பதை நாம் அறிவோம். ஆனால் வகையிடல், தொகையிடல், அணி, வெக்டர் என்ற சொற்களெல்லாம் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலேயே வழங்குகின்றன. தமிழ் வழியில் படித்து வந்த மாணாக்கருக்கு முதலாண்டில் தமிழிலேயே விளக்கம் சொல்லி, படிப்படியாக ஆங்கில நூல்களுக்கு அழைத்துச் செல்வது ஆசிரியரால் ஆகாத காரியமல்ல. முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தைக் கொட்டி, விழிப்பவனைப் பார்த்து, "உனக்குக் கணக்கு வராது" என்பது எளிது.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். ஆசிரியர் எங்கே என்பது அவற்றுள் கனமானது. சர்க்கார் கல்லூரிகளில் நிரந்தர இடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே வண்டி ஓடுகிறது. 2024-ல் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு விட வேண்டி வந்ததே நிலைமையின் அத்தாட்சி. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஊதியம் கொடுக்கவே திண்டாடியதைப் பத்திரிகைகளில் படித்தோம். இந்த நிலையில் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே இரண்டாம் பாட வகுப்பு நடத்த வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, பாத்திமா கல்லூரி யாவும் ஒரே நகரில் இருக்கின்றன. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சியும் பெற்றிருக்கின்றன. அமெரிக்கன் கல்லூரி அதை 1978-லேயே பெற்றது. இவை ஒன்று கூடி, ஒரு கல்லூரி மாணாக்கர் மற்றொரு கல்லூரியின் கணித வகுப்பில் உட்காரவும், அங்கு பெற்ற கிரெடிட்டை இங்கு ஏற்கவும் உடன்படிக்கை செய்துகொள்ளத் தடை என்ன? கணித வகுப்பில் சேருவோர் குறைந்து வருகிறார்கள் என்று துறைத் தலைவர்களே குறைப்படுகிறார்களே; காலி பெஞ்சுகள் ஒரு பக்கம், உட்கார ஆசைப்படுவோர் மறுபக்கம் என்று எத்தனை நாள் வைத்திருப்பது?

பணம் இரண்டாவது விஷயம். உதவி பெறும் பிரிவில் காலையில் பொருளாதாரம், சுயநிதிப் பிரிவில் மாலையில் கணிதம் என்று ஏற்பாடு செய்து, இரண்டாவது பாடத்திற்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கினால், இத்திட்டம் வசதியுள்ளவரின் அலங்காரமாகவே முடியும். பெண்களுக்கு 2022 முதலும் ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க முன்வந்த மாநில சர்க்கார், சர்க்கார் பள்ளியிலிருந்து வந்து கணிதத்தை இரண்டாவது பாடமாக எடுப்போரின் கட்டணத்தையும் ஏற்பது பெரிய பாரமாகாது.

மாணாக்கருக்குச் சுமை கூடாதா என்றால், கூடத்தான் செய்யும். பன்னிரண்டு தாள் என்பது விளையாட்டல்ல. மெய்ப்பகுப்பாய்வும் இயற்கணிதமும் முதல் பருவத்தில் பலரை அழவைக்கும். கல்லூரி விட்டதும் சமையல் வேலைக்கோ, கடைக்கோ, பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கவோ செல்லும் பிள்ளைக்கு மாலையில் வகுப்பு வைத்தால் அது வரமாட்டாது. ஆகையால் வகுப்பு பகலிலேயே அமைய வேண்டும். சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக வரட்டும் என்று மட்டும் நினைப்பவர் இதை எடுக்காதிருப்பதே அவருக்கும் ஆசிரியருக்கும் நல்லது. எடுத்து ஓராண்டில் இயலாமற்போனால், அதுவரை தேறிய தாள்களைத் துணைப்பாடமாக எண்ணிக்கொண்டு மானமாக வெளியேறவும் வழி வைக்க வேண்டும்.

தாள்களை இளக்கி, பத்து சூத்திரமும் ஒரு கணினிப் பயிற்சியும் சேர்த்து "கணிதம்" என்று முத்திரை குத்தும் ஆபத்தும் உண்டு. அதைவிட இத்திட்டம் வராமலே இருக்கலாம். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் கணினி விஞ்ஞானமும் ஒரே பட்டத்தில் இணைத்துக் கற்பிக்கப்படுகின்றன. அங்கே கணிதம் இளைத்துவிடவில்லை. அந்நிறுவனத்தின் மாணாக்கர் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் என்று சொல்வார்கள். மெய்தான். பொறுக்கியெடுக்கப்படாதவருக்கு மேலும் ஆறு மாதம் வேண்டும். நிறுவலே வேண்டாம் என்று அதற்கு அர்த்தமல்ல.

மதுரைத் தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடக் குழுக்கள் அடுத்து கூடும்போது மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ளட்டும்: பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவருக்குக் கோடை விடுமுறையில் இலவச முன்வகுப்பு, துணைப்பாடத்திற்குப் பதிலாகப் பன்னிரண்டு தாள் கணிதம் எடுக்க அனுமதி, கல்லூரிகளுக்கிடையே கிரெடிட் உடன்படிக்கை. முதல் ஆண்டில் நகரம் முழுவதற்குமாக நாற்பது பேர் சேர்ந்தால் போதும். கணித வகுப்புகளை வாரத்தில் மூன்று முற்பகல்களில் ஒரே கல்லூரியில் வைத்துவிட்டால், அவனியாபுரத்திலிருந்து வருபவருக்கு ஒரு பஸ்ஸுக்கு மேல் மாற வேண்டியிராது. அந்தக் கால அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பை எந்தக் கல்லூரி முதலில் ஏற்கப்போகிறது என்பதை அறிய ஆவலாயிருக்கிறோம்.